ஹெட்லைட்டுக்குப் பின்னால் "பூஸ்டர்" இருக்கிறது என்றால் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்

பழைய பைக் பார்க்கப் போன இடத்தில் ஹெட்லைட் டூமுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. கேட்டால், "அது பூஸ்டர், வெளிச்சம் டபுளா வரும்" என்கிறார் விற்பவர். வண்டி விலைக்கு மேல் அதற்கும் ஒரு தொகை. அந்தப் பெயரில் விற்கப்படுவது எதுவாகவும் இருக்கலாம். பெட்டியில் பெயரில்லை, பில்லும் இல்லை என்றால் விற்பவருக்கே அது என்னவென்று தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி விற்கப்பட்ட ஒரு வண்டி. மாலையில், இருட்டிய பிறகு ஓட்டிப் பார்த்து வாங்கப்பட்டது. வெளிச்சத்தில் குறையே இல்லை. மறுநாள் பகலில் ஹை பீம் போட்டால் விளக்கு படபடவெனத் துடிக்கிறது. வேலைக்கு விட்ட கடையில் முதலில் ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துவது) போய்விட்டது என்று மாற்றினார்கள். பிறகு பல்பு, அதன் பிறகு பேட்டரி. மூன்றும் புதிது, துடிப்பு மட்டும் பழையபடியே. கழற்றிய மூன்றிலும் பழுதே இல்லை. பெட்டியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அது ஹெட்லைட் மாடுலேட்டர்.

எதிரே வருபவர் கண்ணில் பைக் படவேண்டும் என்று பகல் நேரத்தில் ஹெட்லைட்டைத் துடிக்க வைக்கும் சாதனம் இது. பெரும்பாலும் ஹை பீமில்தான் பொருத்துவார்கள். அமெரிக்காவின் வாகன விளக்கு விதி (எண் 108) பைக்குகளுக்கு இதை அனுமதிக்கிறது: நிமிடத்துக்கு 240 துடிப்பு, 40 கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 4. துடிப்பின் அடிமட்டத்திலும் விளக்கு முழுக்க அணையாது. உச்ச வெளிச்சத்தின் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது விதி. இருட்டினால் தானாக நின்றுவிட ஒரு ஒளி உணரியும் கட்டாயம். இரவில் ஓட்டிப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான். துடிக்கும் ஹெட்லைட்டை எல்லா நாட்டுச் சட்டமும் ஏற்பதில்லை. பிடிபட்டால் அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வயர் தனியாகக் கிளம்பி, ஹேண்டில்பார் பக்கமோ டூமின் மேல்விளிம்பிலோ மிளகு அளவுள்ள ஒரு கண்ணில் முடிகிறதா பாருங்கள். அந்தக் கண் வானத்தைப் பார்த்திருக்கும். பகலில் ஹை பீம் போட்டு, அதை விரலால் முழுக்க மூடுங்கள். சில நொடிகளில் துடிப்பு நின்று விளக்கு நிலையாக எரிந்தால் அது மாடுலேட்டரேதான்.

ரெகுலேட்டரைக் குற்றம் சொல்லும் முன் செய்திருக்க வேண்டிய சோதனை இன்னும் எளிது. பேட்டரியிலிருந்து ஹெட்லைட் எரியும் வண்டியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஹை பீமைப் பாருங்கள். அப்போதும் துடித்தால் சார்ஜிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இன்ஜினே ஓடவில்லையே! ரெகுலேட்டர் கெட்டிருந்தால் ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப வெளிச்சம் ஏறி இறங்கும், மீட்டர் விளக்கும் பின் விளக்கும் சேர்ந்து ஆடும். மாடுலேட்டர் தொடுவது ஹெட்லைட்டை மட்டும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் துடிப்பின் வேகம் மாறாது.

கழற்றுவதில் வித்தை ஒன்றுமில்லை. பல்பின் மூன்று பின் பிளக்குக்கும் வண்டியின் ஹோல்டருக்கும் நடுவில்தான் பெரும்பாலும் செருகியிருப்பார்கள். சாவியை எடுத்து, பல்பு ஆறும்வரை பத்து நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் உருவி, பழைய ஹோல்டரைப் பல்பிலேயே நேராகச் செருகினால் முடிந்தது. ஹாலஜன் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறிப் பல்பின் ஆயுள் குறையும்.

உருவிய ஹோல்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அந்த வண்டியின் இன்னொரு ஏமாற்று அங்கேதான் இருந்தது: ஹோல்டர் பழுப்பேறி உருகி, ஒரு பின் ஆடிக்கொண்டிருந்தது. ஹை பீமும் டிம்மும் ஒன்றாக உள்ள எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட், அதாவது ஹை பீமில் 60, டிம்மில் 55. ஹை பீம் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். அதே ஹோல்டரில் 100/90 வாட் பல்பை மாட்டினால் 8 ஆம்பியரைத் தாண்டும். வயரும் சுவிட்சும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. பிறகு சாதாரண பல்பை மாட்டி விற்றாலும் கருகிய தகடு கருகியதுதான். பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஹோல்டரின் ஹை பீம் முனைக்கும் நடுவில், விளக்கு எரியும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. ஹாலஜனில் 10 சதவீத வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும்.

பெட்டி மாடுலேட்டர் இல்லையென்றால்? தீப்பெட்டி அளவுச் சதுரம், அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருந்தால் ரிலே, அதாவது பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் சுவிட்ச். தனியாகக் காசு கொடுக்கலாம் என்றால் இது ஒன்றுக்குத்தான், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட்டிருந்தால் மட்டும். பியூஸ் இல்லாத ரிலே வயரிங் தீப்பிடிக்கக் காத்திருப்பது. கனமான அலுமினியப் பெட்டி, பல்புக்குத் தடித்த வயர், போட்டவுடன் மங்கலாக வந்து சில நொடிகளில் வெள்ளையாக ஏறும் விளக்கு என்றால் எச்.ஐ.டி. பல்லாஸ்ட், அதாவது வாயு நிரப்பிய பல்புக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் பெட்டி. எரிய ஆரம்பிக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், கை வைக்காதீர்கள். ஹாலஜன் பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் இதன் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். "பவர் லைட்" என்று புகழப்படுவது பல நேரம் இந்தச் சிதறலைத்தான்.

பல்போடு ஒட்டாமல், ஹெட்லைட் பிளக்கையே தொடாமல், பேட்டரி, எர்த், சாவி வயர் மூன்றில் மட்டும் இணைந்த பெட்டி இருந்தால் உஷார். கடன் கொடுத்தவர் வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பொருத்திய ஜிபிஎஸ் டிராக்கராக இருக்கலாம். சிம் செருகும் இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஆவணங்களைச் சரிபார்க்காமல் பேச்சை நகர்த்தாதீர்கள். வயர் நிறத்தை நம்பிப் பயனில்லை, பொருத்துபவர் கையில் இருந்த நிறமே போட்டிருப்பார்.

இந்த வகைப் பெட்டி சாவி எடுத்த பிறகும் மின்சாரம் குடிக்கும். பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, 10 ஆம்பியர் நிலையில் வைத்த மல்டிமீட்டரை அந்த முனைக்கும் வயருக்கும் நடுவே வையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்திவிடாதீர்கள், உள்ளே பியூஸ் போய்விடும். சாதாரண வண்டியில் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டுவது அரிது. 50 காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 9 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி, செல்ஃப் எடுக்காமல் போவது அதற்கும் முன்பே.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் பணம் கைமாறும் முன் விற்பவரையே கழற்றச் சொல்லி, கம்பெனி ஹோல்டரில் பல்பை நேராகச் செருகி டிம், பிரைட், பாஸ் மூன்றையும் பகலில் போட்டுப் பாருங்கள். "கழற்றினால் லைட் எரியாது" என்று பதில் வந்தால் மூல வயரை வெட்டியிருக்கிறார்கள். அந்த வயரிங்கைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.