கொண்டுவந்ததைக் குடித்துவிட்டுப் போகும் கான்வாய்

‘வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தை வைத்து 2009-இல் வந்த கணினி விளையாட்டு. ஒரு டர்ன் ஒரு நாள், ஒரு ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) 40 கடல் மைல், 1941 டிசம்பரில் தொடங்கும் முழு கேம்பெயின் 1946 மார்ச் வரை இழுக்கும் என்பதெல்லாம் இதைப் படிக்க வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். வருடக்கணக்கில் ஆடியாகிவிட்டது, பெரும்பாலும் நேச நாடுகள் பக்கம். விமானத்தைப் பற்றியும் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு இதில் தூக்கத்தைக் கெடுக்கும் சமாச்சாரம் ஒன்றுதான்: சரக்குடன் போன கான்வாய், அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல் அணி, போய்ச் சேர்ந்த இடத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்வது.

ஃபிஜியின் சுவா துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 4,500 கடல் மைலுக்கு மேல். 1942-இன் தொடக்கத்தில் அங்கே எரிபொருள் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு டாங்கரை அனுப்பி, அது நீர்மூழ்கி கண்ணில் படாமல் போய்ச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முடிக்கிறது. துறைமுகத்தின் கணக்கில் ஒரு நல்ல எண் தெரிகிறது. அடுத்து வரப்போகிற குரூசர் போர்க்கப்பல் அணிக்கு அது போதும். சரி என்று வேறு வேலையைப் பார்க்கப் போகிறேன். இரண்டு மூன்று டர்னில் உணவும் குண்டும் ஏற்றிய சரக்கு அணி அதே சுவாவுக்கு வருகிறது, கூடவே காவலுக்கு நான்கு புகைபோக்கி வைத்த பழைய டிஸ்ட்ராயர்கள், சின்னப் போர்க்கப்பல்கள். சரக்கை இறக்குகிறார்கள். திரும்பிப் போக எரிபொருள் வேண்டுமே? எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் பார்த்தால் அந்த நல்ல எண்ணைக் காணோம். கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தவர் வீட்டுக்குப் போக ஆட்டோ காசை மொய்ப் பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போன கதை.

இதற்கு செட்டிங் இல்லாமல் இல்லை. முழுசாக நிரப்பு, தேவைக்கு மட்டும் நிரப்பு, நிரப்பவே நிரப்பாதே என்றெல்லாம் உண்டு. ‘தேவைக்கு மட்டும்’ என்று வைத்தாலும் சுவாவிலிருந்து வீடு திரும்பும் தேவை என்பது நாலாயிரத்துச் சொச்சம் மைல். அது ஒன்றும் ‘மட்டும்’ இல்லை. ‘நிரப்பாதே’ என்றால் சரக்குக் கப்பல் தாங்கும், டிஸ்ட்ராயர் தாங்காது. நடுக்கடலில் டாங்க் காய்ந்து ஊர்ந்துகொண்டிருக்கும் எஸ்கார்ட்டை (காவல் கப்பலை) ஜப்பானிய நீர்மூழ்கி தேடிப் போக வேண்டியதில்லை, அது காத்திருந்தாலே போதும். இதில் எதைத் தேர்ந்தாலும் ஒவ்வொரு அணிக்கும் தனித்தனியாகத் திறந்து சொல்ல வேண்டும். பசிபிக் முழுக்க எத்தனை அணி ஓடுகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் டர்னை முடிக்கவே ஒரு வார இறுதி போய்விடும் என்று இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்வது வேடிக்கைக்காக இல்லை.

நியாயமாகப் பேசினால், இது பிழையே இல்லை. நிஜத்தில் நடந்ததும் இதுதான். 1942 ஆகஸ்ட் 8 அன்று, சாலமன் தீவுகளின் குவாடல்கனாலில் அமெரிக்கப் படை இறங்கிய மறுநாள், அமெரிக்க அட்மிரல் பிளெட்சர் தன் விமானந்தாங்கிகளைப் பின்வாங்கச் செய்தார். சொன்ன காரணங்களில் எரிபொருளும் ஒன்று. அந்த மனிதரை இன்றுவரை திட்டுகிறவர்கள் உண்டு. இந்த விளையாட்டில் டிஸ்ட்ராயர்களின் எரிபொருள் நிலவரத்தைக் கொஞ்ச நாள் பார்த்தவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் திட்டுவார்கள்.

நியூ கலிடோனியாவின் நூமேயா துறைமுகமும் அப்படித்தான். 1942 இலையுதிர் காலத்தில் அங்கே சரக்குக் கப்பல்கள் டஜன் கணக்கில் இறக்க வழியில்லாமல் வாரக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடந்தன. கப்பல் இருந்தது, சரக்கு இருந்தது. இறக்கத் துறையும் ஆளும்தான் இல்லை. விளையாட்டிலும் துறைமுகத்தின் அளவு சிறிதென்றால் ஒரே நேரத்தில் இத்தனை டன்தான் துறையில் நிற்கலாம், நாளுக்கு இவ்வளவுதான் இறங்கும். ஆர்வக் கோளாறில் பெரிய கான்வாயாக அனுப்பினால் பாதிக் கப்பல் வெளியே நிற்கும். நிற்கிற கப்பல் என்றால் குறி. இதைப் பார்த்துப் பார்த்தே, வரைபடத்தில் ஒரு தீவைக் கண்டதும் அழகைப் பார்க்காமல் துறைமுக எண்ணைப் பார்க்கும் வியாதி எனக்கு வந்துவிட்டது.

கோபத்தை ஒதுக்கி வைத்தால், இந்த விளையாட்டின் உயிர் இந்தக் கப்பல்களில்தான் இருக்கிறது. மிட்வேயில் ஜெயிப்பதைவிட, சிட்னிக்கு ஒரு டாங்கர் அணி ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்வது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு டாங்கர் போனால் குரூசர் போனதைவிட அதிகம் வலிக்கும். 1942 மே 7 அன்று பவளக் கடலில் ஜப்பானியர்கள் ‘நியோஷோ’ என்ற எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கி என்று நினைத்து அத்தனை விமானங்களையும் அதன் மேல் அனுப்பினார்கள். விளையாட்டிலும் வேவு விமானம் இப்படிக் கண்டதை எல்லாம் விமானந்தாங்கி என்று சொல்லும். நியோஷோவைத் தாக்கியது வீண் வேலை என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். கான்வாய் ஓட்டிப் பழகியவனுக்கு அது அவ்வளவு வீண் வேலையாகத் தெரியாது.

நான் விரும்பி ஓட்டும் தடம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. ஈரானின் அபாதானில் எண்ணெய் ஏற்றிக் கொழும்புக்கு, அங்கிருந்து தேவைப்பட்டால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு. கொழும்பு, திருகோணமலை, மெட்ராஸ் எல்லாம் வரைபடத்தில் இருப்பதால் கூடுதலாக ஒரு பதற்றம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் ஒசாவாவின் கப்பல்கள் வங்கக் கடலில் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்ததும், மெட்ராஸில் ஜனங்கள் ஊரைக் காலி செய்ததும் நம் பக்கத்தில் பாட்டி தாத்தா கதையாகவே கேட்டது. எதிரில் ஆடுவது கம்ப்யூட்டர் இல்லாமல் மனிதர் என்றால் அந்த மாதங்களில் வங்கக் கடலில் ஒரு கப்பலையும் விட மாட்டேன். எல்லாம் பம்பாய்க்கும் கராச்சிக்கும் ஓடிவிடும்.

ஜப்பான் பக்கம் ஆடினால் வலியின் ஜாதியே வேறு. சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஜப்பானுக்கு வந்து சேரவில்லை என்றால் தொழிற்சாலை நிற்கும், போர் நிற்கும். முதல் வருடத்தில் அமெரிக்க டார்பிடோக்கள் பாதி வெடிக்காமல் போவதால் எஸ்கார்ட் எதற்கு என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கும். நிஜ ஜப்பானே பொது எஸ்கார்ட் தலைமையகம் என்று ஒன்றை 1943 நவம்பரில்தான் அமைத்தது.

தொடர் சப்ளை என்று ஒரு வசதி உண்டு: கான்வாய் தானாக ஏற்றும், போகும், இறக்கும், திரும்பும், மறுபடி ஏற்றும். கரையோரக் குறுந்தடங்களுக்கு அருமை. நீண்ட தடத்தில் விட்டால் கப்பல்கள் பராமரிப்பு இல்லாமல் சிறுகச் சிறுகச் சேதம் சேர்த்துக்கொள்ளும். நாம்தான் நினைவு வைத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்புறம், அவையும் போன இடத்தில் குடிக்கும்.

போன வாரம் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே இவ்வளவு புகழ்ந்தவன்தான். ஆனால் அவர் கேட்ட அன்று காலையில்தான் சமோவாவின் பாகோ பாகோ துறைமுகத்தில் சேர்த்து வைத்த எண்ணெயை இரண்டு டிஸ்ட்ராயர்கள் துடைத்திருந்தன. 2009-லிருந்து எத்தனையோ திருத்தங்கள் வந்தும், ‘இந்தத் துறைமுகத்தில் யாரும் நிரப்பாதே’ என்று ஊருக்கு ஒரு பொத்தான் வைக்க முடியாத விளையாட்டை நான் எந்த முகத்தோடு சிபாரிசு செய்வது? ஐந்துக்கு இரண்டு. அடுத்த மாதம் கேட்டால் வேறு எண் சொல்வேனோ என்னவோ, இப்போதைக்கு இரண்டுதான்.

அப்படியும் வாங்குகிறவர்கள் முழு கேம்பெயினில் கை வைக்க வேண்டாம். பவளக் கடல் சினாரியோ சின்னது, அதில் தொடங்கிவிட்டு குவாடல்கனாலுக்கு வாருங்கள். கப்பல்கள் அமெரிக்காவில் சரக்கு ஏற்றும்போதே ‘முழுசாக நிரப்பு’ கொடுத்துவிடுங்கள். நீண்ட தூரம் ஓடும் சரக்குக் கப்பல்களைத் தனி அணியாகப் பிரித்து, குறைந்த தூரம் ஓடுகிறவற்றை ஹவாய்க்கும் அமெரிக்க மேற்குக் கரைக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ராயர் எஸ்கார்ட்டைப் பேர்ல் ஹார்பர் வரைக்கும் அனுப்பினால் போதும். அதற்குத் தெற்கே, அந்தந்தத் தீவிலேயே இருக்கும் சின்னக் காவல் கப்பல்கள் கடைசி இரண்டு மூன்று ஹெக்ஸுக்கு வெளியே வந்து கூட்டிப் போகட்டும். அவை குடிப்பது கொஞ்சம்.