கொழும்பு முகவரியும் வரைபடப் புள்ளியும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

டெங்கு ஆய்வு ஒன்றுக்காக நோயாளிகளின் முகவரிகளை வரைபடப் புள்ளிகளாக மாற்றுவது என் வேலை. கூகுளின் கட்டணச் சேவையையும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவில் இயங்கும் நாமினாட்டிம் என்ற இலவச மென்பொருளையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இரண்டுமே வேகமானவை. ஆனால் எத்தனை முகவரிகளுக்குப் புள்ளி கிடைத்தது என்று கடைசியில் வரும் பொருத்தச் சதவீதத்தை நம்பி ஆய்வு எழுதிவிடாதீர்கள். ஏதோ ஒரு புள்ளி கிடைத்தாலே அது கணக்கில் ஏறிவிடும். அது வீடா, வீதியின் நடுவா என்பது வேறு விடயம்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பெரிதாகத் தொல்லை இல்லை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில்தான், அதாவது நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில்தான், எல்லாம் குழம்புகிறது. 120/1, 120/2 என்று ஒரே இலக்கத்துக்குள் வரிசையாக வீடுகள் இருக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதை மென்பொருள் விட்டுவிட்டால், தோட்டத்து நோயாளிகள் அத்தனை பேரும் வாசலில் ஒரே புள்ளியில் குவிவார்கள். பார்க்கிறவர்கள் அதை நோய்க்கொத்து என்று நினைப்பார்கள். ஈடிஸ் நுளம்பு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். புள்ளி அவ்வளவு தூரம் விலகினால் குடம்பியைப் பக்கத்துத் தோட்டத்தில் தேட வேண்டியதுதான்.

காலி வீதி இன்னொரு தலைவலி. கொழும்பைத் தாண்டித் தெஹிவளை, மொறட்டுவை என்று போய்க்கொண்டே இருக்கும். முகவரியில் ஊரோ 06 என்ற அஞ்சல் எண்ணோ இல்லாவிட்டால் அதே இலக்கம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆர்.ஏ. டி மெல் மாவத்தையை இன்னும் டுப்ளிகேஷன் ரோட் என்றுதான் பலர் எழுதித் தருகிறார்கள்.

கூகுளின் சேவை ஒவ்வொரு விடைக்கும் ஒரு தரம் சொல்லும்: துல்லியமான முகவரி, வீதி இலக்கங்களுக்கு இடையே ஊகித்தது, நடுப்புள்ளி, தோராயம். தரம் உள்ள அந்த அட்டவணை நிரலைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். புள்ளியின் அகலாங்கு, நெட்டாங்கில் வரும் ஏழு தசம இடங்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். நான்காவது இடமே ஏறக்குறைய 11 மீட்டர்தான். சரி, தரம் குறைந்தவற்றை நீக்கிவிடலாமே என்றால், நீங்குவது பெரும்பாலும் தோட்டத்து ஏழைகள். அப்புறம் அந்த வரைபடம் வசதியானவர்களின் டெங்குவைத்தான் காட்டும். ஆகவே அவற்றைப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமாரிடம் கொடுத்து, வீட்டு வாசலில் நின்று கைப்பேசியில் இடம் குறித்துத் தரச் சொல்கிறேன். மெதுவான வேலை, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

நாமினாட்டிமின் பொதுச் சேர்வர் விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுமதிக்காது. எப்படியும் நோயாளி முகவரிகளை அனுமதியில்லாமல் வெளியே அனுப்பக் கூடாது. இலங்கைத் தரவை மட்டும் எடுத்துச் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்.