'உப்பு நீர் செட்' என்ற அட்டையை நம்பி வாங்காதீர்கள்

கடலில் ஃப்ளை ஃபிஷிங் செய்ய, அதாவது எடையுள்ள லைனை வீசி, ஃப்ளை என்ற செயற்கை இரையால் மீன் பிடிக்க, 8-ஆம் எண் ராடுக்கு (தூண்டில் கோலுக்கு) உப்பு நீர் லைன், கூடவே 20 ஃப்ளை என்று ஓர் இணையக் கடை விற்ற செட்டை வாங்கி ஏமாந்தோம். பெட்டியில் 'வெப்பக் கடல்' என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது குளிர்ந்த நன்னீருக்கான லைன். ரீலில் சுற்றியாகிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். அந்தச் செட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

நன்னீர் லைனின் மேல்பூச்சு மென்மையானது, உள்ளே ஓடும் இழையும் வளைந்து கொடுக்கும். வெயிலில் சுடும் படகுத் தளத்தில் கிடந்தால் அது தொளதொளத்துப் பிசுபிசுப்பாகிவிடும். ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வீச்சு பாதியில் நின்றுவிடும். வெப்பக் கடல் லைனில் விறைப்பான உள்ளிழையும் கடினப் பூச்சும் இருக்கும். வாங்கியதில் இரண்டு மீட்டரை அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு இரு விரலுக்கிடையே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும், ரப்பர் போலப் பிடித்து இழுக்கக் கூடாது. வெப்பக் கடல் லைனைக் குளிர்ந்த கடலுக்குக் கொண்டுபோனால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டே கிடக்கும். ஆகவே தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் லைனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடையிலும் ஏமாற்றினார்கள். லைன் எண் என்பது முதல் 9.14 மீட்டரின் எடை. நுனியில் ஒரே தடிமனாக நீளும் சிறு பகுதி இதில் சேராது. 8-ஆம் எண்ணுக்கு 13.6 கிராம், அரை கிராம் கூடலாம், குறையலாம். எங்களுக்கு வந்தது 12 கிராம், அது 7-ஆம் எண் லைனின் எடை. லைனின் எடை போதாமல், எதிர்காற்றில் வீசும்போது ராடு வளையவே இல்லை. கடல் லைன்களைச் சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கனமாகச் செய்வதுண்டு, அது குறையல்ல. எடை குறைந்திருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லைனுக்குப் பின்னால் ரீலில் சுற்றும் நூலான பேக்கிங் 50 மீட்டர்தான் இருந்தது. ஆழமற்ற கடலில் ஓடும் போன்ஃபிஷ் என்ற மீனுக்கே 20 பவுண்டு இழுவை தாங்கும் டேக்ரான் நூல் 180 மீட்டராவது வேண்டும்.

ஃப்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவற்றின் தூண்டில் முட்கள் பழுப்புப் பூச்சுப் பூசிய நன்னீர் முட்கள். முள் துருப்பிடிக்குமா என்று காந்தத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். சில துருப்பிடிக்காத எஃகு முட்களும் காந்தத்தில் ஒட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து ஒரு முள்ளை இரவு முழுக்க ஊறவிட்டு, ஈரத்தோடு காற்றில் வையுங்கள். எங்களுடையதில் மறுநாளே முள் வளைவில் செம்புள்ளி தெரிந்தது.

கிளவ்சர் மின்னோ என்ற ஃப்ளை வகையில், எடைக்காகச் சேர்க்கும் ஈயக் கண்ணை முள் தண்டின் மேல்பக்கம், முள் முனை இருக்கும் திசைக்கு எதிரே கட்ட வேண்டும். அப்போதுதான் ஃப்ளை நீரில் கவிழ்ந்து, முனை மேல் நோக்கி நீந்தும், பவளப்பாறையில் சிக்காது. வந்தவற்றில் நான்கில் கண் முனைப் பக்கமே கட்டியிருந்தது. கண்ணை நகத்தால் திருகியதும் சுழன்றது: நூலைக் குறுக்கும் நெடுக்குமாக எட்டு வடிவில் சுற்றிப் பசை வைக்கவில்லை. முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த இடத்தில் ஈயக் கண் சத்தத்தோடு விழுந்து மீனை விரட்டும், அங்கே மணிச்சங்கிலியிலிருந்து வெட்டிய எடை குறைந்த மணிச்சங்கிலிக் கண்தான் சரி. அந்த 20-இல் மணிச்சங்கிலிக் கண் ஒன்றுகூட இல்லை.

ஆகவே பெட்டி வந்ததும் லைனை ரீலில் ஏற்றாதீர்கள். தளர்வாக அவிழ்த்து அளந்து, அந்த 9.14 மீட்டரை மட்டும் 0.1 கிராம் காட்டும் தராசில் வைத்து, தராசு காட்டும் எடை தெரியும்படி படம் எடுங்கள். ஒரு ஃப்ளையை மட்டும் உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, மற்றவற்றை அட்டையிலிருந்து பிரிக்காமல் வையுங்கள்.