65 அங்குல ஓலெட் டிவி: ராத்திரியில் அற்புதம், பகலில் சுமார்

இந்த டிவியை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் கறுப்பு. ஓலெட் திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் முழுவதுமாக அணைந்துவிடும். இருட்டுக் கிணற்றுக்குள் விளக்கு பிடிக்கும் காட்சியில் சுவரின் பாசிகூடத் தெரிகிறது. எங்கள் பழைய எல்ஈடி டிவியில் அதெல்லாம் வெறும் சாம்பல் நிறம். ஓரத்து ஊஞ்சலில் இருந்து பார்க்கும் அம்மாவுக்கும் நிறம் வெளுப்பதில்லை. டிவி வந்ததும் செட்டிங்ஸில் ஃபிலிம்மேக்கர் மோடுக்கு (படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் அமைப்பு) மாற்றிவிடுங்கள், முகங்கள் இயல்பாகிவிடும்.

பகலில் கதை வேறு. எங்கள் மேற்கு ஜன்னலில் வெயில் ஏறினால் படத்தைவிட ஜன்னல்தான் திரையில் தெரிகிறது. கனத்த திரைச்சீலை போட்டோம். ஒலியும் இந்த விலைக்குப் போதாது. சவுண்ட்பார் காசையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அப்புறம், நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு இது வேண்டாம். அசையாத லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் காலப்போக்கில் திரையில் தடம் பதிக்கலாம். அவர்களுக்கு, திரைக்குப் பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள் எரியும் மினி எல்ஈடி டிவி நல்லது. ஓலெட்தான் என்றால், ரிமோட்டில் அணைத்தபின் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்காதீர்கள். பிக்சல்களைச் சீராக்கும் வேலை அப்போதுதான் நடக்கும்.