முயல் தின்பண்டப் பொட்டலமும் அண்ணா நகர் உழவர் சந்தையும்

மதுரையில் செல்லப்பிராணிகளுக்கான பொருள்களை விற்கும் கடைகளில், முயலுக்கென்று வைத்திருக்கும் அடுக்கில் முதலில் கண்ணில் படுவது முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த கலவைத் தீவனப் பொட்டலம்தான். பச்சைத் தீவனக் குச்சிகளுடன் சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், சிவப்பும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய மாவு வளையங்கள் ஆகியவை அதில் கலந்திருக்கும். பக்கத்திலேயே தேன் தடவிய தானியக் குச்சிகளும் தயிர் வில்லைகளும் தொங்கும். இவற்றில் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: அந்த அடுக்கில் உலர் புல்லையும் வெறும் தீவனக் குச்சியையும் தவிர வேறு எதற்கும் பணம் செலவழிக்கத் தேவையில்லை, மற்றவற்றை அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்குவதே முயலுக்கு நல்லது.

கலவைத் தீவனத்தின் குறை கிண்ணத்திலேயே தெரிந்துவிடுகிறது. முயல் மூக்கால் குச்சிகளைத் தள்ளிவிட்டு விதைகளையும் வளையங்களையும் மட்டும் பொறுக்கித் தின்கிறது. நார்ச்சத்து உள்ள பகுதி அப்படியே கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. முயலின் குருட்டுக்குடலில் (சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள பை) வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன; அதிலிருந்து உருவாகும் மென்மையான புழுக்கையை முயல் மீண்டும் உண்டு சத்தைப் பெறுகிறது. மாவும் சர்க்கரையும் மிகும்போது அந்த நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வாயுவும் வயிற்றுப்போக்கும் ஏற்படுகின்றன. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால், உள்ளே போனது எதுவானாலும் குடலைக் கடந்தே தீர வேண்டும். தயிர் வில்லையைப் பொறுத்தவரை, பால்குடி மறந்த தாவர உண்ணிக்குச் சர்க்கரை சேர்த்த பால்பொருளைத் தின்பண்டமாகத் தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது இந்த அண்ணா நகர்ச் சந்தையில்தான். விளைவித்தவரே விற்பதால், பறித்து அதிக நேரம் ஆகாத கீரை கிடைக்கிறது என்பது முயல் வளர்ப்போருக்குப் பெரிய வசதி. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். வெயில் ஏறியபின் இலைகள் துவண்டுவிடும். நான் தவறாமல் வாங்குபவை கொத்தமல்லியும் புதினாவும். கொத்தமல்லியைத் தண்டோடு கொடுத்தால், முயல் தண்டின் நுனியைக் கவ்வி, கையை நகர்த்தாமலே இழுத்து இழுத்து, கடைசி இலை வரை ஒரே மூச்சில் மென்று முடிப்பதைப் பார்க்கலாம்.

முள்ளங்கி வாங்குவோர் பலர் தழையைத் திருகிப் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் எடுத்துச் செல்வதால், அந்தத் தழை விற்பவரின் காலடியில் குவிந்து கிடக்கும். விலை கேட்டபோது, "மொயலுக்குத்தானே தம்பி? சும்மா அள்ளிட்டுப் போங்க" என்று ஓர் அம்மா பை நிறையத் திணித்து அனுப்பினார். தின்பண்டப் பொட்டலத்தின் விலையில் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கீரை வாங்கிவிடலாம் என்னும்போது, இதை இலவசமாகப் பெறுவதில் எனக்குச் சற்றே கூச்சம்தான்.

எல்லாக் கீரையும் தினமும் ஏற்றதல்ல. பாலக்கிலும் தண்டுக்கீரை, முளைக்கீரை போன்றவற்றிலும், அளவு மீறினால் தீங்கு செய்யும் ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி. வாரத்தில் ஓரிரு முறை, பிற இலைகளோடு சேர்த்துச் சிறிதளவு போதும். முருங்கையிலும் அகத்தியிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். உணவிலுள்ள கால்சியத்தை முயலின் குடல் தாராளமாக உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், இவற்றை நாள்தோறும் தந்தால் சிறுநீர்ப்பையில் மண்போலப் படிய வாய்ப்புண்டு. முட்டைக்கோசும் காலிபிளவர் இலையும் சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும். மணத்தக்காளிக் கீரை, தக்காளிச் செடியின் இலை, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, அவகாடோ ஆகியவற்றை முயலுக்குத் தரவே கூடாது. சந்தைக்கு வெளியே, வீட்டுத் தோட்டத்து அரளியும் உன்னிச்செடியும் நச்சு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு கோப்பை நறுக்கிய இலை என்பது வளர்ந்த முயலுக்குப் பொதுவான அளவு. மூன்று மாதம் நிறையாத குட்டிக்குக் கீரையைத் தொடங்க வேண்டாம். தொடங்கும்போதும் ஒரு நேரத்தில் ஒரு புதிய இலையை மட்டும் கொடுத்து, புழுக்கை இளகுகிறதா என்று சில நாள் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். பூச்சிமருந்து எச்சத்தைக் கருதி, நிறையத் தண்ணீரில் அலசி, ஈரம் வடித்துத் தருவது அவசியம்.

படக்கதைகளில் முயலின் கையில் எப்போதும் இருக்கும் கேரட், சர்க்கரை மிகுந்ததால் தின்பண்டக் கணக்கில்தான் சேரும். ஒரு மெல்லிய வில்லை போதும். விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி, வாழைப்பழம் எதுவாயினும் ஒரு கிலோ எடைக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. வாழைப்பழத்தைக் கண்டால் முயல் கெஞ்சத்தான் செய்யும். அளவை நாம்தான் வைக்க வேண்டும்.

சந்தையால் ஈடுகட்ட முடியாதது உலர் புல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், அவற்றைத் தேய்க்கவும் குடலை இயக்கவும் அதன் உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். சந்தையில் கட்டாகக் கிடைக்கும் அருகம்புல் மிக நல்லது. ஆனால் தினமும் முயலின் உடல் அளவுக்கு ஒரு குவியல் என்ற தேவைக்கு அது கட்டுப்படியாகாது. எனவே டிமோதி என்ற தீவனப் புல்லை உலர்த்திய பொட்டலத்துக்காக அதே கடை அடுக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் பசும்புல் மணம் வர வேண்டும்; பூஞ்சை நெடியோ தூசியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிரின் உலர் தழை வளரும் குட்டிகளுக்கு ஏற்றது. வளர்ந்தவற்றுக்கு அதிலுள்ள புரதமும் கால்சியமும் அதிகம். தீவனக் குச்சி வாங்குவதானால், விதை எதுவும் கலக்காத, நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாத ஒரே நிறக் குச்சியாகத் தேர்ந்தெடுத்து, 2 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்குக் கால் கோப்பைக்கு மிகாமல் வைத்தால் போதும்.