நகரச் சாலை சர்வே: லேசர் வண்டியா, கேமராவா?

நகரச் சாலைகளின் நிலையை அளக்க எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஆட்கள் நடந்து பார்த்துக் குறிப்பெடுப்பது, லேசர் பொருத்திய சர்வே வண்டி, சாதாரண வண்டியில் கேமரா மாட்டி அந்தப் படங்களை ஏஐ மென்பொருளிடம் கொடுப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

நடந்து பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் பிடிக்கும், போக்குவரத்துக்கு நடுவே ஆபத்து. ஒருவருக்கு 'நடுத்தரம்' என்று படும் விரிசல் இன்னொருவருக்கு 'மோசம்'.

லேசர் வண்டி துல்லியத்தில் கெட்டி. சுமார் 4 மீட்டர் அகலச் சாலையை மில்லிமீட்டர் கணக்கில் முப்பரிமாணமாகப் பதிவு செய்கிறது. விரிசலின் அகலம், சக்கரத் தடத்தில் விழுந்த பள்ளத்தின் ஆழம் எல்லாம் கிடைக்கும். நெடுஞ்சாலைக்கு என்றால் யோசிக்காமல் அதையே சொல்வேன். நகரத்தில் அதன் ஐஆர்ஐ கணக்கு தடுமாறும். சாலையின் மேடுபள்ளத்தைச் சொல்லும் இந்த அளவுகோல், 1982-ல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனையிலிருந்து வந்தது. வண்டியின் சொந்தக் குலுக்கலை முடுக்கமானியால் அளந்து கழித்தால்தான் சாலையின் உண்மையான வடிவம் தெரியும். சிக்னலுக்கு சிக்னல் நின்று, ஊர்ந்து, மறுபடி கிளம்பினால் அந்தக் கழித்தலில் பிழை ஏறிவிடும்.

எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, திரும்பத் திரும்ப அளக்க முடியுமா என்பதுதான். குழாய்க்காக ஒருவர் தோண்டுவார், மூடிய கையோடு கேபிளுக்காக இன்னொருவர் வருவார். ஒட்டுப்போட்ட இடம் ஒரு மழையில் அமுங்கும். லேசர் வண்டியின் அறிக்கை கைக்கு வருவதற்குள் பாதித் தெருக்கள் வேறு முகத்தோடு நிற்கும். குப்பை வண்டியில் மாட்டிய கேமராவோ, அது போகும் தெருவையெல்லாம் தனிச்செலவு இல்லாமல் மறுபடி மறுபடி படமெடுக்கிறது. ஒரு படத்தில் தவறினால் அடுத்த நடையில் திருத்திக்கொள்ளலாம். சாலையின் நிலைக்கு 100-க்கு எத்தனை என்று பிசிஐ என்ற மதிப்பெண் போடுகிறோமே, அந்த எண்ணைவிட அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் பராமரிப்புக்கு உதவும். அதற்கு அடிக்கடி அளந்தாக வேண்டும்.

கேமராவுக்கும் வில்லங்கம் உண்டு. மின்கம்பியின் நிழலை நீளவாட்டு விரிசல் என்று எண்ணும். தார் ஊற்றி அடைத்த பழைய விரிசலைப் புது விரிசல் என்று சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் நகர்ந்து, பிரதான சாலையின் பள்ளத்தைப் பக்கத்து சர்வீஸ் ரோட்டில் கொண்டுபோய் வைக்கும். இதையெல்லாம் சரிபார்க்க ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்புறம், மூலப் படங்களை அழிக்காதீர்கள். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் பழைய படங்களையும் அதில் ஓட்டினால்தான் பழைய மதிப்பெண்ணையும் புதியதையும் ஒப்பிட முடியும்.

கான்கிரீட் சாலைகளில் எனக்கு அனுபவம் குறைவு. நான் சொல்வது தார்ச்சாலைக்கு. ஆழம் தெரிய வேண்டிய முக்கியச் சாலைகளுக்கு மட்டும் லேசர் வண்டியை ஒருமுறை வரவழைத்து, அந்த அளவை வைத்துக் கேமராவின் மதிப்பெண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அடித்தளம் எடை தாங்குமா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு எடையைப் போட்டுச் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவிதான் வேண்டும்.