கைதட்டலை நீக்கிய கச்சேரி: வளவு வீட்டில் சில ஜப்பானிய ஆல்பங்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான வளவின் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூக்கல் என்னும் பூ வேலைப்பாட்டு ஓடு பதித்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறி அவற்றுள் ஒன்று கழன்று விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரைக்கு நடுவே, ஜப்பானில் செய்தது என்று ஆங்கில எழுத்துகளில் அச்சுக் குத்தியிருந்தது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலேறி வந்த நாளில் ஜப்பானியப் பூக்கல்லும் செட்டிநாட்டுக்கு வந்தது என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த நேரத்தில் அதே வளவில் ஒலித்துக்கொண்டிருந்ததும் ஜப்பான் சரக்காக அமைந்துபோனது எனக்கு வேடிக்கையாக இருந்தது. காசியோபியா என்ற நால்வர் குழு 1982-இல் வெளியிட்ட மின்ட் ஜாம்ஸ் என்னும், ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃபியூஷன் ஆல்பம் அது.

இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த ஆல்பத்தைப் பற்றியது. அதனோடு அடுக்கில் இருக்கும் வேறு சில ஜப்பானிய ராக், பாப் ஆல்பங்களையும் தொட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வீட்டில், ஒரே ஒலிபெருக்கிகளில் கேட்டிருக்கிறேன் என்பதால் என் தீர்ப்புகளில் அந்த வீட்டுச் சுவர்களுக்கும் பங்கு உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

ஜப்பானியப் பழைய எல்பி இசைத்தட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு ஒபி என்ற சொல் தெரிந்திருக்கும். கிமோனோவின் இடைக்கச்சைக்கு உரிய அந்தப் பெயரையே, எல்பி உறையின் ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கும் வைத்திருக்கிறார்கள். விலையும் விளம்பர வாசகமும் அச்சிட்ட, கடையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு காகிதத் துண்டை 40 ஆண்டுகள் கிழியாமல் வைத்திருந்தவர் இசைத்தட்டை எவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார் என்ற கணக்கில், ஒபியோடு கூடிய பிரதியையே தேடி வாங்கினேன். கணக்கு பொய்க்கவில்லை. ஊசி இறங்கிய பிறகு முதல் சுரம் வரும்வரை ஒரு பொரிச்சத்தம்கூட இல்லை. ஆனால் இடையில் விற்றவர் அட்டையை ஏனோதானோவென்று சுற்றி அனுப்பியதால் உறையின் ஒரு மூலை நசுங்கி, 40 ஆண்டுகள் தப்பிப் பிழைத்த அந்த ஒபி குறுக்கே கிழிந்து வந்து சேர்ந்தது. எல்பி விலைக்கு நிகராகத் தபால் செலவும் சுங்க வரியும் கட்டியவனுக்கு அது இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

காசியோபியா 1976-இல் தொடங்கியது. 1979-இல் வந்த முதல் ஆல்பத்தில் பிரெக்கர் சகோதரர்கள், டேவிட் சான்பார்ன் போன்ற அமெரிக்கக் கலைஞர்கள் விருந்தினராக வந்து வாசித்துக் கொடுத்தார்கள். மின்ட் ஜாம்ஸில் அப்படி எவரும் இல்லை. கிதாரில் இஸ்ஸெய் நோரோ, கீபோர்டில் மினோரு முகாயா, பேஸ் கிதாரில் தெட்சுவோ சகுராய், டிரம்ஸில் அகிரா ஜிம்போ. ஆல்பத்தின் பெயரே இவர்களுடைய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அமைத்தது. 1982 பிப்ரவரியில் டோக்கியோவின் சுகிஜி பகுதியில் ஓர் அரங்கில் ரசிகர்கள் முன்னிலையில் வாசித்ததைப் பதிவு செய்து, பிறகு கைதட்டலையும் ஆரவாரத்தையும் நீக்கி, ஸ்டூடியோவில் துலக்கி வெளியிட்டார்கள். ஏழு உருப்படிகளில் பல, ஜிம்போ குழுவில் சேருவதற்கு முன்பே வேறு டிரம்ஸ் கலைஞரோடு பதிவானவை. பழைய பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரே உருப்படி எவ்வளவு இறுகி, எவ்வளவு லாகவமாகிவிட்டது என்பது முதல் நிமிடத்திலேயே விளங்கும்.

கைதட்டலை நீக்குவதை நான் முதலில் ஒரு மோசடியாகவே நினைத்தேன். சபையில் வாசித்ததைச் சபை இல்லாமல் கேட்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. எங்கள் வீடுதான் அந்த எண்ணத்தை மாற்றியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கருங்கல் தூண்கள், நடுவில் திறந்த வானம்: வளவில் நின்று ஒருமுறை கைதட்டினால் அந்த ஓசை நான்கு பக்கமும் பட்டுத் திரும்பி வந்து, போகும் வழியில் வீட்டின் இரண்டாம் கட்டையும் விசாரித்துவிட்டுப் போகும். அரங்கின் எதிரொலியைச் சேர்த்துப் பதிவு செய்த எந்த இசையும் இங்கே கூழாகிவிடும். பெட்டகத்திலிருந்து நான்கு ஜமுக்காளங்களை எடுத்துத் தரையில் விரித்து, ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் பாயைத் தொங்கவிட்டுப் பார்த்தும் ஓரளவுக்குத்தான் குறைந்தது. மின்ட் ஜாம்ஸில் வாத்தியங்கள் மிக அருகிலிருந்து, எதிரொலியின் ஈரமில்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. அரங்கை அவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் என் வளவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் தட்டு ஓடும்போது நால்வரும் எங்கள் முற்றத்து ஓரப் பட்டியக்கல்லில் உட்கார்ந்து வாசிப்பது போலத்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் இரண்டாவதாக வரும் அசயாகே இந்தக் குழுவின் அடையாள உருப்படி. அசயாகே என்றால் விடியற்காலையில் கீழ்வானில் படரும் செம்மை. நோரோவின் யமஹா கிதார் தந்திகளை அரைகுறையாக அமுக்கிக்கொண்டு, ஓர் எண்ணிக்கையை நான்காகப் பிளந்து, அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்குவது போன்ற சீரில் தொடங்குகிறது. அந்த நறுக்கலில் ஒன்றுகூடத் தடிமனாகவோ மெல்லியதாகவோ விழுவதில்லை. அதன்மேல் பேஸும் டிரம்ஸும் ஒரே தட்டில் வந்து இறங்கும்போது, எத்தனையாவது முறை கேட்டாலும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது. இந்த இசையை உயிரற்றது, கணக்கு வாத்தியார் இசை என்று ஒதுக்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாஸ் ரசிகர்கள் இதைப் பளபளப்பு என்பார்கள். ராக் ரசிகர்கள் லிஃப்டில் ஒலிக்கும் இசை என்பார்கள். கணக்கு பிசகாமல் இருப்பதாலேயே மனம் பொங்கும் இசை உண்டு என்பதைத் தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படியான டாமினோ லைன் அதற்குச் சான்று. வரிசையாக நிற்க வைத்த கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவதைப் போலக் கிதார் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல, நடுவில் எல்லோரும் ஒதுங்கி, சகுராயின் பேஸ் தனியாக நிற்கிறது. கட்டைவிரலால் தந்தியை அடித்தும் ஆட்காட்டி விரலால் சுண்டியும் அவர் எழுப்பும் நாதம் பாதி தாளவாத்தியம், பாதி தந்திவாத்தியம். பிறகு ஜிம்போ எடுத்துக்கொள்கிறார். நம் தனி ஆவர்த்தனத்தில் போலவே முதலில் இடைவெளி விட்டு, பிறகு அடர்த்தியாக்கி, கடைசியில் கோர்வை வைத்து எடுப்புக்கு வந்து விழும்போது நால்வரும் மயிரிழை பிசகாமல் அங்கே நிற்கிறார்கள். குன்றக்குடி வைத்தியநாதன் வயலினுக்குப் பக்கத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை உட்கார வைத்தபோது, ஊரே ரசித்தது. சிலர் அதை வித்தை காட்டுவது என்று முகம் சுளிக்கவும் செய்தார்கள். வித்தையும் இசைதான் என்ற கட்சியில் நான் அன்றே சேர்ந்துவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. டியர்ஸ் ஆஃப் தி ஸ்டார் என்ற மெதுவான உருப்படியில் மெட்டு சற்றுச் சர்க்கரை கூடிய பால்பணியாரம்; இரண்டுக்கு மேல் உண்ண முடியாது. வேகமாக ஓடும்போது ஒருவரையொருவர் இழுத்துப் பிடிக்கும் இந்த நால்வர், மெதுவாக நடக்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பது போல இருக்கிறது. பாட்டே இல்லாத ஆல்பம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்த என் அப்பத்தா, “ஏய்யா, பாடுறவுக இன்னும் வரலையா?” என்று கேட்டார்.

பாடுபவர்கள் வேண்டுமென்றால் தட்சுரோ யமஷிதாவின் ஃபார் யூ இருக்கிறது. அதுவும் 1982-தான், கடற்கரை வெயிலும் வெளிர்நீல வானமுமாக ஐஜின் சுசுகி வரைந்த முகப்பு ஓவியமே பலருக்குப் பாதி ஆல்பம். பின்னணிக் குரல்களைத் தாமே அடுக்கடுக்காகப் பாடிச் சேர்ப்பது யமஷிதாவின் பழக்கம். ஹெட்ஃபோனில் தேன். எங்கள் வளவிலோ அந்தக் குரல் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து, கல்யாண வீட்டுப் பந்தியின் இரைச்சலை நினைவூட்டுகின்றன. அவர் தம் இசையை இணைய ஒலிபரப்புச் சேவைகளுக்குத் தருவதில்லை என்பதால் தட்டாக வாங்குவது தவிர வழியில்லை. 2023-இல் இதன் எல்பியும் கேசட்டும் மறுபதிப்பாக வந்தன. டி-ஸ்கொயர் குழுவின் ட்ரூத் (1987) பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தலைப்பு உருப்படி ஜப்பானியத் தொலைக்காட்சியின் ஃபார்முலா ஒன் பந்தய ஒலிபரப்புக்கு முகப்பிசையாகிப் புகழ்பெற்றது, மெட்டும் பிரமாதம். ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி டிரம்ஸுக்குச் செயற்கை எதிரொலியை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். எதிரொலி மேல் எதிரொலி. எங்கள் வீட்டுக்கு ஆகாது.

என் அடுக்கில் வேறொரு காரணத்துக்காக முதலிடத்தில் இருப்பது ஹாப்பி எண்ட் குழுவின் கசெமாச்சி ரோமன், 1971. ஹருவோமி ஹொசோனோ, எய்இச்சி ஓதகி, ஷிகெரு சுசுகி, தகாஷி மட்சுமோதோ ஆகிய நால்வர். ஆரவாரமே இல்லாத, நாட்டுப்புறச் சாயல் கொண்ட ராக். இன்று கேட்பவர்களுக்கு அதில் புரட்சி எதுவும் தென்படாது. ஆனால் அந்த நாளில் ஜப்பானில் ராக் இசையை ஆங்கிலத்தில் பாடினால்தான் எடுபடும், ஜப்பானிய மொழி அந்தத் தாளத்தில் உட்காராது என்று ஒரு சாரார் வாதிட, பத்திரிகைப் பக்கங்களில் பெரிய சச்சரவே நடந்தது. டிரம்ஸ் வாசித்தவரும் பாடலாசிரியருமான மட்சுமோதோ ஜப்பானியச் சொற்களை அசை அசையாகப் பிரித்து, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, அந்தத் தாளத்திலேயே உட்கார வைத்தார். பாடிக் காட்டியதும் வாதம் அடங்கிப்போனது. 1941-இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டி, 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்ட அண்ணாமலைச் செட்டியார் பிறந்த கானாடுகாத்தானுக்கு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வந்துவிடலாம். தமிழில் பாடினால் கச்சேரி களைகட்டாது என்று சொன்னவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆல்பம் அயலூர் ஆல்பமாகத் தோன்றாது.

தலைப்பில் வரும் கசெமாச்சி என்பதைக் காற்றின் ஊர் என்று சொல்லலாம். 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவை இடித்துக் கட்டியபோது காணாமற்போன, தாம் சிறுவயதில் திரிந்த தெருக்களைத்தான் மட்சுமோதோ அப்படி அழைத்தார். ட்ராம் வண்டி, மூடுபனி, காலியான காப்பிக்கடை என்று சின்னச் சின்னக் காட்சிகளாக அந்த ஊரை எழுதியிருக்கிறார். அழுகை எங்கும் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் நிலைக்கதவுகள் விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாலையில் இதைப் போட்டேன். அன்று முதல் பக்கம் முடிந்த பிறகும் தட்டைத் திருப்பிப் போட நெடுநேரம் எழவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் மின்ட் ஜாம்ஸிலிருந்தே தொடங்கலாம். இணையச் சேவைகளில் கிடைக்கிறது. கேட்டுப் பிடித்த பிறகு சிடி வாங்கினால் போதும், அதன் துல்லியம் இந்தப் பதிவுக்கு மிகவும் பொருந்துகிறது. எல்பிதான் வேண்டும் என்பவர்கள், மூலைகளுக்குத் தனி அட்டை வைத்துக் கட்டுவீர்களா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். இதன் பிறகு காசியோபியாவின் வேறு ஆல்பங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சகுராயும் ஜிம்போவும் 1989-இல் விலகிவிட்டார்கள். அதற்குப் பிந்தியவையும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் டாமினோ லைனில் கேட்ட அந்த இருவரின் கூட்டு அவற்றில் இல்லை.

கீபோர்டு முகாயா பிற்காலத்தில் ரயில் பித்தராகப் பெயர் பெற்றார். ரயில் ஓட்டிப் பழகும் கணினி விளையாட்டுகளை உருவாக்கியதோடு, ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் வண்டி புறப்படும்போது ஒலிக்கும் சில விநாடி மெட்டுகளையும் அவர் அமைத்திருக்கிறார். சென்னைக்குப் போகும் நாட்களில் விடியுமுன் காரைக்குடி நிலையத்துக்கு வந்து பல்லவன் ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் நான் அசயாகேயைப் போட்டுக்கொள்கிறேன். வண்டி நகரும்போது நடைமேடையில் ஒலிபெருக்கிப் பெண்மணி மூன்று மொழிகளில் அறிவித்துக்கொண்டிருப்பார். முகாயாவின் கீபோர்டு நுழையும் இடம் வருவதற்கும், கீழ்வானம் சிவப்பதற்கும், செட்டிநாடு நிலையத்தின் பெயர்ப்பலகை சன்னலைக் கடப்பதற்கும் சில நாட்களில் சரியாக இருக்கிறது.